16,800 ரூபாய் புரோகிரஸிவ் கண்ணாடியும் "பழகிடும்" என்ற பதிலும்: ஓர் எச்சரிக்கை

நேற்று மாலை குறை சொல்ல நான்காவது முறையாக அந்தக் கண்ணாடிக் கடையின் படியேறி, நான்காவது முறையாக வெறுங்கையோடு திரும்பினேன். கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்றால், அதற்குள் வேறொருவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து பணத்தைக் கட்டிவிடுவார் என்பதால் இப்போதே எழுதுகிறேன். மதுரையில் சில கிளைகள் வைத்திருக்கும் ஒரு கடை என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. நான் கொடுத்த தொகை 16,800 ரூபாய். கண்ணாடி வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் ஆவண எழுத்தர். சர்வே எண், பரப்பளவு, நான்கெல்லை என்று நாள் முழுவதும் சிறிய எழுத்துகளோடு இருப்பவன். வயது 48. தூரப் பார்வைக்குப் பல ஆண்டுகளாகக் கண்ணாடி அணிகிறேன். இப்போது வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டதால், கண் மருத்துவர் படிப்பதற்குக் கூடுதலாக 2.00 பவர் எழுதிக் கொடுத்தார். மேல்பகுதியில் தூரம், நடுவில் கணினித் திரை, கீழே எழுத்து என்று மூன்றுக்கும் ஒன்றாக வரும், கோடு தெரியாத புரோகிரஸிவ் லென்ஸ் போடலாம் என்று கடைக்குப் போனேன்.

விலை குறைந்த லென்ஸைத்தான் முதலில் கேட்டேன். அங்கிருந்த இளைஞர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, "அண்ணே, எங்க அப்பாவுக்கு இந்த லென்ஸைத்தான் போட்டுக் குடுத்திருக்கேன். எழுத்து வேலை பாக்குறவுங்க நீங்க, கண்ணு விஷயத்துல காசு பாக்காதீங்க" என்றார். பெற்ற தகப்பனுக்கே போட்டிருக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அதற்குமேல் என்ன விசாரிப்பது? மகளின் விடுதிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து 16,800 ரூபாயையும் அந்த இடத்திலேயே கட்டினேன்.

அளவெடுக்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை என் மூக்கின் மேல் வைத்து, இரு கண்மணிகளுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, "அறுபத்தி நாலு" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். தேர்ந்தெடுத்த பிரேமை முகத்தில் மாட்டி, மூக்குக்கும் காதுக்கும் பொருத்திய பிறகு, அதிலிருக்கும் மாதிரி லென்ஸில் இரண்டு கண்மணிகளும் வரும் இடத்தைத் தனித்தனியாக மார்க்கரால் புள்ளி வைத்துத்தான் புரோகிரஸிவுக்கு உயரம் எடுப்பார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது.

கண்ணாடி கைக்கு வந்த நாளிலேயே தொல்லை தொடங்கியது. ஒரு வரியைப் படிக்க மோவாயை மேலே தூக்க வேண்டியிருந்தது; தூக்கினாலும் இடக்கண்ணுக்குத்தான் எழுத்து தெளிந்ததே தவிர வலக்கண்ணுக்கு மசங்கலாகவே இருந்தது. மாலைக்குள் பிடரி வலித்தது. ஒரு கிரையப் பத்திர வரைவில் 138 என்ற சர்வே எண்ணை 188 என்று தட்டச்சு செய்துவிட்டு, கட்சிக்காரர் சுட்டிக்காட்டிய பிறகுதான் திருத்தினேன். அது அப்படியே பதிவாகியிருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் வரை போயிருக்கும். இருபது ஆண்டுகளில் எனக்கு இப்படி நேர்ந்ததில்லை.

முதலில் தொலைபேசியில் கேட்டேன். "புதுசுல அப்படித்தான் இருக்கும், பதினஞ்சு நாள் போடுங்க, பழகிடும்" என்றார்கள். அது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் என்னைக் கட்டிப்போட்டது. எந்தப் புரோகிரஸிவ் லென்ஸிலும் இரு ஓரங்களும் கலங்கலாகத்தான் இருக்கும். படியிறங்கும்போது தரை நெளிவது போலத் தோன்றும். கண்ணை மட்டும் உருட்டாமல் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக ஓரிரு வாரங்கள் பிடிக்கும். ஆகவே பதினைந்து நாள் பொறுத்தேன். பிறகு நேரில் போனபோது மூக்குத் தாங்கியை அழுத்திவிட்டு, "இப்பப் பாருங்க" என்றார்கள். அடுத்த முறை முதலாளி வெளியூர். அதற்கடுத்த முறை, டாக்டர் பவரைத் தப்பாக எழுதியிருப்பார் என்றார்கள்.

ஆகவே மறுபடியும் கட்டணம் கட்டி மருத்துவரைப் பார்த்தேன். பவரில் குற்றமில்லை. அவருடைய மருத்துவமனையில் பார்வையை அளந்து பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் அம்மையார் என் கண்ணாடியை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, லென்ஸில் மிக மெல்லிதாகப் பொறித்திருந்த இரண்டு சிறு வட்டங்களை எனக்குக் காட்டினார். இரண்டுக்கும் இடையே 34 மில்லிமீட்டர் இருக்கும், அவற்றை வைத்துத்தான் லென்ஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கணக்கிடுவோம் என்று சொல்லிக்கொண்டே பேனாவால் புள்ளி வைத்தார். கண்மணிக்கு நேராக வர வேண்டிய அந்தப் புள்ளி வலக்கண்ணில் 4 மில்லிமீட்டர் கீழே இருந்தது. கடைக்காரர் 64-ஐ இரண்டாக வகுத்துக் கண்ணுக்கு 32 என்று அனுப்பியிருக்கிறார். என் மூக்கின் நடுவிலிருந்து வலக்கண் 30, இடக்கண் 34. படிக்கும் பவர் இறங்கிவரும் பாதையே சில மில்லிமீட்டர் அகலம்தான் என்னும்போது, அந்தப் பாதைக்கு வெளியே நின்று பார்க்கும் கண் பதினைந்து நாளில் அல்ல, பதினைந்து மாதத்திலும் பழகாது.

அந்த அளவுச் சீட்டை எடுத்துக்கொண்டுதான் நேற்றுப் போனேன். தகப்பனைச் சொல்லி விற்ற அதே இளைஞர் சீட்டைப் படிக்காமலேயே, "ஆர்டர் குடுத்துச் செஞ்ச லென்ஸுண்ணே, திரும்ப எடுக்க முடியாது. வேணும்னா புதுசுக்குப் பத்துப் பர்சன்ட் குறைச்சுத் தாரோம்" என்றார். 16,800 ரூபாயை அவர்கள் தவறால் இழந்தவன், அவர்களிடமே இன்னொரு முறை பணம் கட்ட வேண்டுமாம். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினார்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது கை ஓடவில்லை. பிரேமை மாட்டி இரண்டு கண்ணுக்கும் தனித்தனியே புள்ளி வைக்காத கடையில் புரோகிரஸிவ் செய்யாதீர்கள். பழகாவிட்டால் லென்ஸை மாற்றித் தருவோம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தொல்லை தொடர்ந்தால் வேறொரு இடத்தில் புள்ளி வைத்துச் சரிபாருங்கள், என்னைப் போல நாளைக் கடத்தாதீர்கள். பில்லில் உள்ள அந்த அச்சுவரிக்கு அஞ்ச வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

என் மனுவை இன்றிரவு நானே எழுதுகிறேன், பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. பில்லும் அளவுச் சீட்டும் மேசைமேல் இருக்கின்றன. அந்தப் பேனாப் புள்ளிகளை லென்ஸிலிருந்து இன்னும் துடைக்கவில்லை.