கார் பெயின்ட் கோட்: தகட்டில் இருப்பதும் வெயிலில் தெரிவதும்

"வெள்ளைதானே, வெள்ளையை அடிச்சாப் போச்சு" என்று சொல்லும் கராஜில் காரை விட்டால், திரும்பி வரும்போது ஒரு கதவு மட்டும் வேறு வீட்டுக் கதவாக இருக்கும். டொயோட்டாவில் மட்டுமே 040 என்றொரு வெள்ளை, 070 என்றொரு வெள்ளை, கொஞ்சம் பழைய வண்டிகளில் 062 என்றொரு வெள்ளை. 040 சாதாரண வெள்ளை. மற்ற இரண்டும் பேர்ல், அதாவது முத்துபோல் மினுங்கும் வகை. 070 வண்டியில் 040ஐ அடித்தால் கராஜின் டியூப் லைட்டில் ஒன்றும் தெரியாது. காலிமுகத்திடல் பக்கம் வெயிலில் நிறுத்தினால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம்.

ஆகவே முதலில் கோட், அதாவது எண்ணும் எழுத்துமாக வரும் நிறக் குறியீடு. அதைத் தேட ஐந்து நிமிடம் போதும். டொயோட்டாவில் பழைய கொரோலா காலத்து வண்டிகள் என்றால் பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஒட்டியுள்ள தகட்டைப் பாருங்கள். புதியவற்றில் முன்கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். ஒரு பக்கம் இல்லையென்றால் மறுபக்கக் கதவையும் திறந்து பாருங்கள். "கலர்/ட்ரிம்" அல்லது "சி/டிஆர்" என்ற வரியில் 040/எஃப்பி20 என்பதுபோல இரண்டு கோட் வரும். முதலாவது வெளிநிறம், இரண்டாவது உள்ளே சீட், கதவு அட்டைகளின் நிறம். இரண்டாவதை எழுதிக்கொண்டு போய்க் கடையில் முழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஹொண்டாவில் கதவுத் தூணின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். என்எச்-578 என்றால் சாதாரண வெள்ளை. என்எச்-624பி, என்எச்-788பி என்று கடைசியில் 'பி' வந்தால் பேர்ல், 'எம்' வந்தால் மெட்டாலிக் (உலோகத் துகள் கலந்தது). அந்தக் கடைசி எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். சுசுகி வேகன் ஆரில் 26யூ சாதாரண வெள்ளை, இசட்7டி பேர்ல் வெள்ளை. இசட்ஜே3 என்பதைப் பலர் கறுப்பு என்று நினைக்கிறார்கள். அது நீலம் கலந்த கறுப்புப் பேர்ல். வெறும் கறுப்பை அடித்தால் வெயிலில் நீலம் இல்லாத இடம் அப்படியே காட்டிக்கொடுக்கும். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் டிக்கிக்குள் ஸ்பெயார் சில்லு வைக்கும் குழியில் வெள்ளைக் கடதாசி ஸ்டிக்கர் இருக்கும். சேர்விஸ் புத்தகத்திலும் அதே ஸ்டிக்கரின் பிரதி ஒட்டப்பட்டிருக்கும்.

தகட்டைக் கண்ணால் படித்து ஞாபகத்தில் வைக்காமல் ஃபோனில் படம் எடுங்கள். 8ம் 'பி'யும், 0ம் 'ஓ'வும் தூசு படிந்த தகட்டில் ஒன்றுபோலவே தெரியும். தகட்டிலுள்ள செசி நம்பரை, வண்டியில் அடித்திருக்கும் செசி நம்பரோடு ஒப்பிடவும் மறக்க வேண்டாம். பெரிய அடிபட்டு, பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிய முன்பாதி பொருத்தப்பட்ட வண்டி என்றால், பொனட்டுக்குள் இருக்கும் தகடு இன்னொரு காருடையதாக இருக்கலாம்.

தகடு துருப்பிடித்துப் போயிருந்தால்? இணையத்தில் 17 இலக்க நம்பர் கேட்கும் தளங்கள் ஜப்பான் ரீகண்டிஷன் வண்டிக்கு உதவாது; அவற்றின் செசி நம்பர் அந்த முறையில் இல்லை. என்எச்பி10 என்று தொடங்கும் டொயோட்டா அக்வா நம்பரை ஜப்பான் உதிரிப்பாக கெட்டலொக்கில் போட்டால்தான் கலர் கோட் வரும். வண்டி ஜப்பானில் ஏலத்துக்கு வந்தபோது கொடுத்த அறிக்கைத் தாள் கையில் இருந்தால் அதிலும் நிறத்துக்குப் பக்கத்தில் கலர் எண்ணுக்கு ஒரு பெட்டி உண்டு. ஜப்பானிலேயே நிறம் மாற்றிய வண்டி என்றால் அதே தாளில் நிறம் மாற்றம் என்றும் குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பு இருந்தால் தகட்டிலுள்ள கோட்டை நம்பிப் பயனில்லை.

இவ்வளவும் சுலபமான பாதி.

ஒரே கோட்டுக்குப் பல வேரியன்ட்கள் உண்டு. ஒரே நிறத்தை வெவ்வேறு தொழிற்சாலைகளில், வெவ்வேறு வருடங்களில் அடித்தபோது வந்த வித்தியாசங்களைப் பெயின்ட் கம்பனிகள் தனித்தனிச் செய்முறைகளாக வைத்திருக்கின்றன: ஒன்று சற்று மஞ்சள் பக்கம், ஒன்று சற்று நீலப் பக்கம், ஒன்றில் மெட்டாலிக் துகள் பெரிது. 1எஃப்7 சில்வர் போன்ற நிறங்களில் இது பெரும் தலையிடி. கோட்டை மட்டும் சொன்னால் கடைக்காரர் முதல் செய்முறையைக் கலந்து தருவார். வேரியன்ட் அட்டைகளைக் காட்டச் சொல்லி, வண்டியில் வைத்துப் பார்ப்பதே முறை. அட்டை இல்லை, "கம்பியூட்டர் சொல்லும்" என்கிற கடையை விட்டு வேறு கடைக்குப் போவது நல்லது.

ஒப்பிடும் இடமும் முக்கியம். பெற்றோல் மூடிக் கதவைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகலாம்; வசதியான வழிதான். ஆனால் அதன் வெளிப்பக்கத்தைக் கட் அண்ட் பொலிஷ் போட்டுத் துடைத்த பிறகு காட்ட வேண்டும். உள்பக்கம் வெயில் படாதது, அதோடு பொருத்தினால் பத்து வருடத்துக்கு முந்திய நிறம்தான் கிடைக்கும். பஃபரோடு ஒருபோதும் ஒப்பிட வேண்டாம். அது பிளாஸ்டிக், உடலோடு சேர்ந்து பெயின்ட் அடிபடாததால் புதிதாக வரும்போதே நிறம் ஒரு நூல் விலகியிருக்கலாம். அடிபட்ட இடத்துக்குப் பக்கத்துத் தகரத்தோடு ஒப்பிடுங்கள். நிறம் அளக்கும் கருவி கொண்டு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சாதாரண நிறங்களுக்கு நல்ல தொடக்கம். பேர்லுக்கு அதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

கலந்த பெயின்டை நேரே வண்டியில் அடிக்க விடாதீர்கள். உள்ளங்கை அளவு அட்டையில் அடித்து, மேலே நிறமற்ற கிளியரும் போட்டு, காய்ந்த பிறகு பார்க்க வேண்டும். ஈரமான நிறம் வேறு, காய்ந்த நிறம் வேறு. நேராகவும், சாய்ந்து பக்கவாட்டிலும், நிழலிலும், நண்பகல் வெயிலிலும் பாருங்கள். மெட்டாலிக்கில் அடிக்கும் கையும் நிறத்தை மாற்றும்: நனைய அடித்தால் துகள்கள் அடியில் அமிழ்ந்து கருமையாகும், காற்றைக் கூட்டி உலர அடித்தால் வெளிறும்.

070 போன்ற பேர்ல் மூன்று பூச்சு: அடியில் வெள்ளை, நடுவில் பேர்ல், மேலே கிளியர். நடுப்பூச்சு எத்தனை தடவை என்பதில்தான் நிறம் இருக்கிறது. நல்ல பெயின்டர் நான்கு அட்டைத் துண்டுகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு தடவை அடித்து வண்டியோடு வைத்துத் தெரிவு செய்வார். அவசரக்காரர் இரண்டோடு நிறுத்துவார். மஸ்டாவின் 46வி சிவப்பும் இதே பல பூச்சு வகை. அதைச் சிறு கராஜில் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பேர்லோ மெட்டாலிக்கோ, ஒரு கதவு அடிபட்டால் நிறத்தைப் பக்கத்துத் தகரத்துக்குள்ளும் மெல்லக் கலைத்து, கிளியரை முழுத் தகரத்துக்கும் போட வேண்டும். செலவு கூடும். கோடு தெரியாமல் இருக்க வேறு வழி இல்லை.

பழைய 040 வண்டிகளில் பெரும்பாலும் கிளியர் கிடையாது. சந்தேகமென்றால் பொலிஷ் வைத்துக் கறுப்புத் துணியால் தேயுங்கள். துணியில் வெள்ளை ஒட்டினால் கிளியர் இல்லை.

நீண்ட காலத்தில் எது நின்றது? டச்அப் பேனை கல் தெறித்த புள்ளிகளுக்கு மட்டும். தீக்குச்சி முனையால் மெல்லிய இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய விட்டு. நிறம் சுமாராகப் பொருந்தினாலும் துருவை நிறுத்துகிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடலுக்கு நேரே நிற்கும் வண்டிக்கு அதுவே பெரிய விடயம். ஸ்ப்ரே டின்னில் கோட்டுக்கு ஏற்ற நிறம் நிரப்பித் தருகிறார்கள். நிறம் நன்றாகவே வரும், ஆனால் மேலே ஹார்ட்னர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) இல்லாத சாதாரண கிளியர் போட்டால் நம் வெயிலில் சீக்கிரம் மங்கும், பெற்றோல் சிந்தினால் கரையும். ஹார்ட்னர் கலந்த 2கே கிளியர்தான் வருடக்கணக்கில் நின்றது. அதன் புகை நுரையீரலுக்குக் கேடு; துணி மாஸ்க் போதாது, கரித் தகடு போட்ட மாஸ்க் வேண்டும்.

மழைக்காலத்தில் மெதுவாகக் காயும் தின்னர் கேளுங்கள். வேகத் தின்னர் ஈரக் காற்றில் பூச்சின் மேல் வெண்மூட்டம் போட்டுவிடும். அதைக் கண்டு நிறம் பிழை என்று நினைத்து மறுபடி கலக்கப் போனவர்களும் உண்டு.

வேலை முடிந்ததும் மிச்சப் பெயின்டில் 50 மில்லிலீற்றர் கேட்டு வாங்குங்கள், தின்னர் கலக்காதது. சிறு கண்ணாடிப் போத்தலில் வாய்வரை நிரப்பி இறுக மூடி, கோட், வேரியன்ட், திகதி, பேர்ல் என்றால் நடுப்பூச்சு எத்தனை தடவை என்று எழுதி ஒட்டுங்கள். ஹார்ட்னரைச் சேமிக்க வேண்டாம்; ஒருமுறை திறந்தால் கொழும்பு ஈரத்தில் அது கலங்கிக் கெட்டுவிடும்.