வீட்டில் செதுக்கிய மர லூர்கள்: உப்புத்தண்ணியில் எது தாங்குகிறது, எது தாங்கவில்லை

கன்னியாகுமரிப் பக்கம் தூண்டில் வளைவுகளில் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிய தடுப்புகளில்) நின்று லூர், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரை, வீசுகிறவர்களுக்குத் தெரியும்: மீன் கடித்துப் பாழாவதைவிடக் கல்லிடுக்கில் மாட்டி அறுந்து போவதுதான் அதிகம். பென்சில் மாதிரி நீளமான நல்ல பென்சில் லூர் ஒன்று போனால் அன்றைக்கு மீன் கிடைத்தாலும் மனசு ஆறாது. அந்தக் கடுப்பில்தான் மாடித் தகரக் கொட்டகையில் மரம் செதுக்க உட்கார்ந்தேன். இன்று என் பெட்டியில் பாதிக்கு மேல் கைவேலைதான். செய்முறை வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. வருடக்கணக்கில் கடலில் அடிபட்ட பிறகு அவை என்ன கதியில் இருக்கின்றன என்பதைத்தான் காணோம்.

முதலில் மரம். பால்சா கத்திக்கு வெண்ணெய் மாதிரி, சீலா மீன் பல்லுக்கும் அப்படியே. இரண்டு கடியில் முதுகில் குழி விழுந்து தண்ணீர் உள்ளே போய்விடும். தேக்குத் துண்டு கேட்டுப் போனபோது எங்கள் ஊர் ஆசாரி சிரித்தார்: "மிதக்கணும்னா தேக்கு எதுக்குடே? கட்டுமரத்துக்குப் போடுற மரத்த எடு." அவர் எடுத்துக் கொடுத்தது மலைவேம்பு. தீக்குச்சிக்கும் எழுதுகிற பென்சிலுக்கும் போகிற அதே மரம். எடை குறைவு, இழை நேராக ஓடும், உப்புத்தாளில் சீக்கிரம் வழவழப்பாகும். நீர்மட்டத்தில் தண்ணீரைத் தெறிக்கவிடும் பாப்பர் வகை லூருக்கு இன்றுவரை இதுதான். தூரம் வீச வேண்டிய பென்சில் லூருக்குக் குமிழ் மரம். கொஞ்சம் கனம், அடியும் தாங்கும்.

கொக்கி மாட்டும் வளையத்தைத் திருகாணியாகப் போடுவதா, மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பியாக ஓட்டுவதா என்று கேட்பவர்களுக்கு: குளத்து விராலுக்குத் திருகாணி போதும், கடலுக்கு வேண்டாம். நல்ல பாறை மீன் ஒன்று இழுத்தால் மென்மரத்திலிருந்து திருகாணி அப்படியே உருவிக்கொண்டு வரும். வயிற்றுப் பக்கம் ஆக்ஸா பிளேடால் நீளமாகப் பள்ளம் அறுத்து, வளைத்த கம்பியை உள்ளே வைத்து எப்பாக்சியால் (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பசை) மூடிவிட்டால், மரமே பிளந்தாலும் மீன் கம்பியில் நிற்கும். கம்பி 316 ரகமாக இருக்கட்டும். 304-ம் துருப்பிடிக்காத எஃகுதான், ஆனால் அதில் மாலிப்டினம் கிடையாது. உப்பில் கிடந்தால் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும்.

அதே பள்ளத்தில் எடைக்கு வைக்கும் ஈயம் வலைக்கடையில் கிடைக்கும். உருக்க வேண்டியதில்லை, சுத்தியலால் தட்டிப் பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி ஆக்கலாம். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பள்ளத்தை மூடுவதற்கு முன் கொக்கிகளை ரப்பர் பேண்டில் கட்டி வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கலந்தால் கடல்நீர்க் கணக்கு வந்துவிடும். பென்சில் வால் தாழ்ந்து, மூக்கு மட்டும் வெளியே தெரிய நிற்க வேண்டும். ஈயத்தை அரை விரற்கடை முன்னே தள்ளினாலும் ஆட்டமே மாறிவிடும். கடை லூரில் கிடைக்காத சுகம் இதுதான், நம் கடலுக்கும் நம் ராடுக்கும் ஏற்றபடி எடையை வைத்துக்கொள்ளலாம்.

இனி பூச்சு. என்னிடம் ஓய்வுபெற்ற மர லூர்களில் பெரும்பாலானவை பூச்சு போய்த்தான் செத்தன. வீசும்போதும் இழுக்கும்போதும் வயிற்றுக் கொக்கி முன்னும் பின்னும் ஆடி, அரைவட்டமாக ஒரு கோடு கீறும். அந்தக் கோடு மரத்தைத் தொட்ட அன்றே கணக்கு முடிந்தது. நீர் ஏறும், மரம் உப்பும், பெயின்ட் செதிலாக உரியும், நேற்றுவரை குலுங்கி நீந்தியது இன்று கட்டையாக வரும். பின்லாந்தின் லவ்ரி ரப்பாலா 1936-ல் தக்கையில் முதல் லூரைச் செதுக்கியபோது, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கி மேலே பூசினார். இன்றைக்கு நம் பெயின்ட் கடையில் ஆசாரிகள் வாங்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) சீலரும் அதே செல்லுலோஸ் குடும்பம்தான். தின்னர் கலந்து, லூரை முக்கித் தொங்கவிட்டு, காய்ந்ததும் லேசாகத் தேய்த்து மறுபடி முக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் இதைத் தொடாதீர்கள். ஈரக்காற்றில் பால் மாதிரி வெளுத்துவிடும். எனாமல் பெயின்ட்டின் மேலும் கூடாது, தின்னர் பட்டு அது சுருண்டுகொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலே மெதுவாக இறுகும் எப்பாக்சி. ஐந்து நிமிட ரகம் பரவுவதற்குள் கட்டியாகிவிடும், வெயிலில் சீக்கிரம் மஞ்சளுமாகும். மெதுவான ரகம் வழியும் என்பதால் லூர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு சுற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுத்தான் ஓடும், இதற்கென்றே செய்தது போல. பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடுவது, ஒயர் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சமையலறை அலுமினியத் தாளை அரத்தின் மேல் வைத்துத் தேய்த்தால் செதில் வரி விழும். ஒட்டி, முதுகில் கருநீலம் ஊதினால் முடிந்தது. கண்ணும் செவுளும் வரைவது நம் ஆசைக்கு. மீன் குறைசொன்னதில்லை.

காசு மிச்சமா என்றால், மரம் கிட்டத்தட்ட இலவசம். ஆனால் நல்ல ட்ரெபிள் (மும்முனை) கொக்கியும், அதை மாட்டும் சாவிவளையம் மாதிரியான ஸ்ப்ளிட் ரிங்கும் உடம்பைவிட விலை. அங்கே கஞ்சத்தனம் பண்ணினால் கம்பி தாங்கும், ரிங் விரிந்துவிடும். மூக்கடியில் உதடு மாதிரி தகடு வைத்து ஆழமாக இறங்கும் வகையை நான் இன்னும் கடையில்தான் வாங்குகிறேன். உதட்டின் கோணம் ஒரு மயிரிழை பிசகினாலும் பக்கவாட்டில் ஓடுகிறது, அதை வீட்டில் சரிபார்க்கும் பொறுமை எனக்கில்லை.