எண்ணெய் என்று நம்பி அடிக்காதீர்கள்: ஸ்ப்ரே டப்பா, பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

"கதவுக் கீல் கிரீச்சிட்டது, டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தேன், நின்றது. பத்தே நாளில் மறுபடி சத்தம். டப்பா போலியோ?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். போலி இல்லை, அதன் குணமே அதுதான். பல வருடமாக வீட்டில் இந்த டப்பா இல்லாமல் இருந்ததில்லை. ஆனாலும் கீல் விஷயத்தில் அதன் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் தணியவில்லை.

காரணம் பெயரிலேயே இருக்கிறது. டபிள்யூடி-40 என்பதில் முதல் இரண்டு எழுத்தும் 'நீரை விலக்குதல்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 40 என்பது 40ஆவது முயற்சியில் கைகூடிய கலவை என்பதைக் குறிப்பது. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் காக்கத்தான் முதலில் பயன்பட்டது. உள்ளே இருப்பதில் பெரும்பங்கு சீக்கிரம் ஆவியாகிவிடும் பெட்ரோலியக் கரைப்பான். கூடவே கொஞ்சம் மெல்லிய எண்ணெய். கரைப்பான் இடுக்கில் புகுந்து பழைய பிசுக்கை இளக்குகிறது, சத்தம் நிற்கிறது. அது ஆவியானதும் மிஞ்சுவது எண்ணெய்ப் படலம் மட்டும். கதவின் மொத்தக் கனத்தையும் தாங்கும் கீலுக்கு அது எந்த மூலைக்கு? போதாததற்கு, கீலில் மிச்சமிருந்த பழைய கிரீஸையும் கழுவிவிட்டுப் போகிறது. ஈரமாக இருக்கும் வரை தூசியையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

கீலுக்குச் சரியான வழி இது. கதவைச் சாத்திவிட்டு ஒரு நேரத்தில் ஒரு கீலின் நடுவே செருகியிருக்கும் ஊசியை மட்டும் கழற்றுங்கள். கீழிருந்து ஒரு ஆணியை வைத்து மெதுவாகத் தட்டினால் ஊசி மேலே வரும். அதில் அப்பியிருக்கும் கறுப்புப் பசையைப் பாருங்கள், சத்தத்துக்குக் காரணம் அதுதான். அங்கேதான் ஸ்ப்ரே: அடித்து, துணியால் துடைத்து, துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, நன்றாகக் காய விடுங்கள். பிறகு பட்டாணி அளவு கிரீஸை ஊசி முழுக்கத் தடவி மாட்டுங்கள். ஊசி கழலாத கீல் என்றால் கிரீஸ் ஸ்ப்ரே வாங்கிக்கொள்வது நல்லது.

இனி பாராட்டு. இறுகிப்போன நட்டு விஷயத்தில் இதன் மேல் குறையே சொல்ல மாட்டேன், அவசரப்படாமல் இருந்தால். கம்பி பிரஷால் துருவைத் தட்டி உதிர்த்து, மரை தெரியும் இடத்தில் அடித்து, கால் மணி நேரம் விடுங்கள். சுத்தியலால் லேசாக நாலு தட்டு; அந்த அதிர்வில் திரவம் மரைக்குள் இன்னும் இறங்கும். ஸ்பேனரைப் போட்டதும் கழற்றப் பார்க்காதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அசைத்து, பிறகு திருப்புங்கள். மசியவில்லையா, மறுபடி அடித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அடித்த கையோடு முழு பலத்தையும் போட்டால் போல்ட் தலை முறியும்.

நான் எதிர்பார்க்காமல் மகிழ்ந்தது ஸ்டிக்கர் பசை. கண்ணாடிப் பாட்டிலிலோ எவர்சில்வர் பாத்திரத்தின் வெளிப்புறத்திலோ காகிதம் உரிந்து பசை மட்டும் நிற்கிறதா? துணியில் அடித்து ஒற்றி ஐந்து நிமிடம் விட்டால் பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்தெடுக்கலாம். பிறகு சோப்பு போட்டுக் கழுவியே ஆக வேண்டும். படலம் மிஞ்சினால் அதன்மேல் பெயின்டும் டேப்பும் ஒட்டாது. பாலிஷ் இல்லாத மரம், காகிதம் பக்கம் போகவே வேண்டாம், கறை இறங்கிவிடும். பாலிகார்பனேட், தெளிவான பாலிஸ்டைரீன் என்ற இரண்டு பிளாஸ்டிக் வகையிலும் படக்கூடாது. ஹெல்மெட் முன்கண்ணாடியை இதால் துடைப்பவர்களைப் பார்த்தால் பதறுகிறது.

பூட்டு, சைக்கிள் செயின், கத்தரிக்கோல் மூன்றுக்கும் சுத்தம் செய்ய மட்டும். செயினைத் துடைத்த பிறகு செயின் எண்ணெய் கட்டாயம். பிரேக் கட்டையிலோ ரிம்மிலோ ஒரு துளி தெறித்தாலும் பிரேக் வழுக்கும். பூட்டில் ஈரம் காயும் முன், அது இலகுவாகத் திரும்பப் போடும் கிராஃபைட் பொடியைப் போட்டால் இரண்டும் குழைந்து சேறாகிவிடும்.

மேஜை விசிறியின் புஷ்ஷில், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் வளையத்தில், அடிப்பதுதான் பெரிய தவறு. உள்ளே எண்ணெய் ஊறிய கம்பளித் துண்டு இருக்கும். அந்த எண்ணெயையே கரைப்பான் கழுவிவிடும். சில நாள் அமைதி, பிறகு முன்னைவிட அதிக இரைச்சல். அங்கே தேவை மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு. தையல் மிஷினுக்கும் அதுவே.

சின்ன எரிச்சல் ஒன்று: தனியாக வரும் சிவப்புக் குழல். அது தொலைந்த அன்றிலிருந்து பாதித் திரவம் சுவருக்குத்தான். குழல் மூடியோடு சேர்ந்தே இருக்கும் மாடலை வாங்குங்கள்.

அடுப்பு எரியும்போதோ மின்சாரம் ஓடும் சுவிட்சிலோ அடிக்கக் கூடாது, இது தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் டப்பாவை வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வேண்டவே வேண்டாம்.

வாங்கலாமா என்றால், கீலுக்காக என்றால் வேண்டாம், ஒரு கிரீஸ் டப்பா போதும். எனக்கோ இது தீரும் முன்னே அடுத்ததை வாங்கி வைத்தாக வேண்டும்.