லினக்ஸில் நெட் எங்கே அறுகிறது: ஆறு வருட அனுபவம்

இந்த லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு ஆறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் இணைய இணைப்பு என்னைப் பெரிதாகப் படுத்தியது நான்கு முறை. நான்கு முறையும் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான், நெட் ஒழுங்காக வராது. காரணம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு. அதனால்தான் ஒருவர் சொன்ன தீர்வை இன்னொருவர் செய்து பார்த்து ஏமாந்துபோகிறார் என்று நினைக்கிறேன்.

முதல் தடவை, நிறுவிய அன்றே. ஒலி, டச்பேட் எல்லாம் சரியாக வேலை செய்தன. வைஃபை மட்டும் மெனுவிலேயே இல்லை. நிறுவலில் ஏதோ தவறிவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மறுபடி நிறுவினேன். அந்த நேரம் முழுக்க வீண். கட்டளை தட்டும் டெர்மினல் சாளரத்தில், கணினிக்குள் இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்தபோது வைஃபை கார்டின் பெயர் வந்தது. கணினியின் உள்செய்திகள் சேரும் டிமெசேஜ் பதிவில், ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி இருந்தது. கார்டை இயக்கும் டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு வந்துவிடுகிறது. ஃபர்ம்வேர் என்பது கார்டுக்கு உள்ளே ஓடவேண்டிய தனி நிரல். அதன் மூலநிரல் திறந்ததாக இல்லாததால் நான் எடுத்த விநியோகம், அதாவது லினக்ஸ் வகை, அதை நிறுவப் பயன்படும் கோப்பான நிறுவல் படிமத்தில் சேர்க்கவில்லை. இப்போது இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பாக இருந்த டெபியன் விநியோகமே 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரைப் படிமத்திலேயே கொடுக்கிறது.

சரி, நெட் இல்லாமல் ஃபர்ம்வேரை எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கம்பியில் செருகி போனின் நெட்டைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்கினேன். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொண்டது, எதையும் நிறுவச் சொல்லவில்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் மொபைல் டேட்டா கூட வேண்டாம். போன் பிடித்திருக்கும் வைஃபையே கம்பி வழியாக வந்துவிடும். இது ஒன்று தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும்.

இரண்டாவது தடவை வேறு மாதிரி. வைஃபை இணைந்திருக்கிறது என்று காட்டியது, பக்கம் மட்டும் வரவில்லை. வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8க்கு, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் அனுப்பினால் பதில் வந்தது. தளத்தின் பெயருக்கு அனுப்பினால் பெயரே தெரியவில்லை என்றது. அப்படியென்றால் வழி திறந்திருக்கிறது, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும் விழுந்துவிட்டது. காரணம் நானேதான். சில மாதம் முன்பு எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பில் 127.0.0.53 என்று இருந்ததைப் பிழை என்று நினைத்து, அதை அழித்து வேறொரு முகவரியைக் கையால் எழுதியிருந்தேன். உண்மையில் 127.0.0.53 என்பது, பெயர்களைத் தேடித்தரும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு சேவை நம் கணினிக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கும் முகவரி. நான் எழுதிய டிஎன்எஸ் சர்வர் பழைய நெட்வொர்க்குக்கு உள்ளே மட்டும் கிடைப்பது. இடம் மாறியதும் கைவிட்டது. அந்தச் சேவையின் கோப்பைச் சுட்டும் பழைய குறியிணைப்பைத் (சிம்லிங்க்) திரும்ப வைத்ததும் சரியானது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது, ஏனென்றால் நெட் முழுதாகப் போகவில்லை. சார்ஜர் செருகியிருந்தால் நன்றாக ஓடும். பேட்டரிக்கு மாறினால் வீடியோ அழைப்பு திக்கும், டெர்மினலில் தட்டிய எழுத்து தாமதமாக வரும். ரவுட்டரைக் குறை சொன்னேன், சேனலை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ரவுட்டருக்கே பிங் ஓடவிட்டு சார்ஜர் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன். 3 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்த பதில் 200, 300 என்று ஏறியது. வைஃபை கார்டு மின்சாரத்தை மிச்சப்படுத்த இடையிடையே தூங்கப் போகிறது. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 என்று வைத்தால் அந்தச் சேமிப்பு நிற்கும். வைத்தேன், நின்றது. பேட்டரி நேரம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான்காவது சின்னது. தனியாக வாங்கிய யூஎஸ்பி வைஃபை அடாப்டருக்கு டிரைவரை மூலநிரலிலிருந்து நானே தொகுத்துப் (கம்பைல் செய்து) போட்டிருந்தேன். கர்னல் புதுப்பிப்பு வந்ததும் அது காணாமல் போனது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்து உள்ளே போய், டிரைவரைத் தொகுக்கத் தேவைப்படும் புதிய கர்னலின் ஹெடர் தொகுப்பை நிறுவி, மறுபடி தொகுத்தேன். கர்னலுக்கு வெளியே டிரைவர் தேடும் அடாப்டரை இனி வாங்கமாட்டேன். நம்பகமான நிரலை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் கையெழுத்திடாத டிரைவரைக் கர்னல் ஏற்காது, அது இன்னொரு தலைவலி.

இப்போது நெட் போனால் எதையும் மாற்றுவதற்கு முன் எங்கே அறுகிறது என்று வரிசையாகப் பார்க்கிறேன். கார்டு தெரிகிறதா, வைஃபையை அணைத்துவைக்கும் ஆர்எஃப்கில் அதைத் தடுத்து வைத்திருக்கிறதா, ஐபி முகவரி கிடைத்ததா, ரவுட்டர் பதில் சொல்கிறதா, வெளியே பதில் உண்டா, பெயர் முகவரியாக மாறுகிறதா. எந்தப் படியில் நிற்கிறதோ அங்கே மட்டும்தான் கை வைப்பேன். மொத்தமாக ஐந்து நிமிடம். புதிதாக நிறுவுகிறவர்கள் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் யூஎஸ்பியில் வைஃபையை ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுவுங்கள். அங்கே வந்தால் பெரும்பாலும் பிறகும் வரும்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. லேப்டாப்பை மூடித் திறக்கும்போது எப்போதாவது வைஃபை எழுந்திருப்பதில்லை. மோட்ப்ரோப் கட்டளையால் டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினால் வந்துவிடுகிறது. தூக்கத்திலிருந்து எழும்போது இதைத் தானாகச் செய்ய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். மூல காரணத்தை டிமெசேஜில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.