ஒன்பதரை மணிக்குக் காளான் தேடப் போகிறவர்கள்

இங்கே சிங்கப்பூரில் எங்கள் அலுவலகத்து அக்கா ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டார்: “தம்பி, நீங்க அடிக்கடி போவீங்களே அந்தக் காளான் நடை, 48 வெள்ளியிலேருந்து 30 ஆக்கிட்டாங்களாம். சேரலாமா?” ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. இரண்டு வருஷத்தில் ஒன்பது தடவை போயிருக்கிறேன், ஒன்பதும் பழைய விலைக்கு. அந்த வயிற்றெரிச்சலும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. காசு கட்டினால் வழிகாட்டி ஒருவர் கூட்டிக்கொண்டு போய்க் காளான் காட்டுவார், அதுதான் இந்த நடை. பெயர்தான் ‘ஃபோரேஜிங்’, அதாவது காட்டில் தேடிப் பறிப்பது; பறிக்கிற வேலையே கிடையாது. இங்குள்ள சுங்கை பூலோ சதுப்புநிலம் மாதிரி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதியில்லாமல் எதையாவது பறித்தால் 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஆகவே வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்புவதுதான். எனக்கு அதில் வருத்தமில்லை. அம்மாவுக்குத்தான். மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். இடி இடித்த மறுநாள் விடியற்காலையில் புற்றோரம் போய் மடி நிறையக் காளான் கொண்டுவந்த காலத்தை இன்னும் மறக்கவில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தைப் பார்க்க மாட்டார், பையைத்தான் பார்ப்பார். “நாப்பத்தெட்டு வெள்ளி கட்டிட்டுப் போய் சும்மாவா வர்றே?”

சும்மா வரவில்லை என்பதற்குச் சாட்சி அந்தக் கண்ணாடி. பல் வைத்தியர் வாய்க்குள் விடுவாரே, நீளக் காம்பில் சின்ன வட்டக் கண்ணாடி, அதில் ஒன்று வழிகாட்டி கையில் எப்போதும் இருக்கும். காளானைத் தொடாமல், குடைக்கு அடியில் கண்ணாடியை நீட்டி நம்மைக் குனியச் சொல்வார். முதல் தடவை சுங்கை பூலோவில் ஒரு பட்டமரத்துக் கட்டை. மேலே பார்த்தால் சாம்பல் படிந்த சின்னச் சின்ன விசிறிகள், யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணப் பொருள். கண்ணாடியில் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க இளஞ்சாம்பல் மடிப்புகள், ஒவ்வொரு மடிப்பும் விளிம்பில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருந்தது. மலாய்க்காரர்கள் இதை ‘செண்டாவான் குக்கூர்’ என்பார்களாம். குக்கூர் என்றால் தேங்காய்த் துருவி. தேங்காய்ப்பால் விட்டுச் சமைப்பதும் உண்டாம். வெயில் காய்ந்தால் அந்த மடிப்புகள் சுருண்டு மூடிக்கொள்ளும், மழை பட்டால் மறுபடி விரியும். பிப்ரவரியில் அதே கட்டையைத் தேடிப் போனேன், கருவாடு மாதிரி சுருண்டு கிடந்தது. அடுத்த மழைக்குப் பிறகு போனபோது ஒன்றுமே நடக்காத மாதிரி விரிந்திருந்தது. அன்றைக்கே ஆன்லைனில் அந்தக் கண்ணாடி ஒன்று வாங்கிவிட்டேன். இப்போது பையில் குடைக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கிறது.

வழிகாட்டி கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். கண்டல் மரத்தடிச் சேற்றில் குடைக்காளான் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் இடம், அங்கே செத்த மரத்தைப் பாருங்கள் என்று முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்லிவிடுவார். நம் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் புல்தரையில் மழைக்குப் பிறகு தட்டு அளவுக்கு விரியும் வெள்ளைக் காளானைப் பற்றியும் அவர்தான் சொன்னார். முற்றினால் அடிமடிப்பு பச்சை பூசும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. “பூச்சி கடிச்சிருந்தா நாமளும் சாப்பிடலாம்” என்பது அம்மாவின் சட்டம். பூச்சிகள் விஷக் காளானையும் நிம்மதியாகத் தின்னும் என்று வழிகாட்டி சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் புளோக்குக்குக் கீழே குனிவதை நிறுத்திவிட்டார். அந்த ஒன்றுக்கே கட்டிய காசு தகும்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

நடை தொடங்குவது காலை ஒன்பதரைக்கு. தாமதமாக வருகிறவர்களுக்காக இன்னும் இருபது நிமிஷம். வலைப்பாவாடை கட்டிய அந்த வெள்ளைக் காளானைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்; சீனர்கள் மூங்கில் காளான் என்று காயவைத்து சூப்பில் போடுவதும் அதைத்தான். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பதும் அதே படம். அது காலையில் எழும்பி வலையை விரிக்கும், சில மணி நேரத்தில் துவண்டு விழுந்துவிடும். ஒன்பது நடையில் நான்கு தடவை அது முளைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறோம். நான்கு தடவையும் நான் பார்த்தது ஈரமான பழைய கைக்குட்டை மாதிரி தரையில் கிடந்த வலையும், செத்த எலி நாற்றமும், அதில் மொய்த்த ஈக்களும்தான். அந்த ஈக்கள்தான் அதன் வித்துகளைச் சுமந்து பரப்புகின்றன என்று வழிகாட்டி விளக்குகிறார். நல்ல விளக்கம்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டோம்.

போன மாதம் நடந்ததுதான் உச்சம். துவண்ட காளானைச் சுற்றி நாங்கள் பன்னிரண்டு பேர் நிற்கிறோம். காலை நடைக்கு வந்த சீன அங்கிள் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் தன் கைப்பேசியை நீட்டினார். ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு எடுத்த படம். கொசுவலை விரித்த மாதிரி முழு வலை, ஒரு கண்ணி அறுபடவில்லை. அவர் கட்டிய கட்டணம் பூஜ்யம்.

ஆறரைக்குத் தொடங்குங்கள் என்று கருத்துப் படிவத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று வந்தது. வழிகாட்டியிடம் நேரிலும் கேட்டேன். அவ்வளவு சீக்கிரம் வைத்தால் ஆள் சேராது என்றார். தீவின் மேற்கே ஜூரோங்கிலிருந்து ஒருவர் கிழக்கே பாசிர் ரிஸுக்கு ஆறரைக்கு வர வேண்டுமானால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். நியாயம்தான். அப்படியானால் விளம்பரத்தில் கைக்குட்டைப் படத்தைப் போடட்டுமே.

அதனால் அக்கா, என் பதில்: சேராதீங்க. முப்பது வெள்ளிக்கு ஒரு பல் கண்ணாடியும் கொசு மருந்தும் வாங்கினாலும் மிச்சம் வரும். மழை பெய்த மறுநாள் ஏழு மணிக்குள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போங்க. எதையும் பறிக்க வேண்டாம், அம்மா மாதிரி ஆட்கள் கூட வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்க.

நான் வருகிற பன்னிரண்டாம் தேதி போகிறேன். விலை குறைவதற்கு முன்பே கட்டிவிட்டேன்.