குழாயை அளக்காமல் மோட்டார் விற்றவர்: பழைய நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அன்னூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு சின்ன நீச்சல் குளம் இருக்கிறது. உடனே பங்களா, பண்ணை வீடு என்று நினைத்துவிட வேண்டாம். 2007இல் கிணறு வற்றிப்போன பிறகு, பேரன் பேத்திகள் இனி எங்கே நீச்சல் பழகுவார்கள் என்ற கவலையில் அப்பா கட்டியது. எங்கள் தலைமுறைக்கு இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டுத்தான் நீச்சல் பழக்கினார்கள்.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஒரு பக்கம் 1 மீட்டர் ஆழம், மறுபக்கம் 1.7 மீட்டர். சராசரி ஆழத்தை வைத்துப் பெருக்கினால் சுமார் 43,000 லிட்டர். ஒரு எச்.பி. மோட்டார், 20 அங்குல மணல் ஃபில்டர், 50 எம்.எம். குழாய். இந்தக் கணக்கையெல்லாம் இப்போது மனப்பாடமாகச் சொல்கிறேன். போன வருஷம் பங்குனியில் இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அங்கேதான் வினை.

மோட்டார் சீலில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. பேரிங் போய், காலையில் சுவிட்சைப் போட்டால் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கிரீச்சென்று கேட்டது. தெரிந்தவர் ஒருவர் கோயமுத்தூரில் குளம் வேலை செய்யும் ஆள் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். பெயர் வேண்டாம், வழக்கு நடக்கிறது. வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் கொட்டேஷன் வந்தது. இரண்டு எச்.பி. பம்பு, ஃபில்டருக்குப் புது மணல், கூடவே உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி. மொத்தம் 1,86,000 ரூபாய்.

"வந்து ஒரு தடவை பார்த்துடறீங்களா?" என்று கேட்டேன்.

"ஏனுங்ண்ணா, இதுக்கு வேற வரோணுமா? போட்டோவுலயே தெரியுதுங்களே. ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுக்குங்க, தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும்."

போர் மோட்டார் வாங்கும்போது எத்தனை அடி, எத்தனை இஞ்சுத் தண்ணி, என்ன பைப் என்று கடைக்காரரைப் பத்துக் கேள்வி கேட்டுக் குடைகிற ஆள் நான். குளத்து மோட்டாருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பம்புக்கும் மோட்டாருக்கும் நாடு முழுக்கப் பேர் எடுத்த ஊர் கோயமுத்தூர். தெருவுக்கு ஒரு பட்டறையில் காயில் கட்டுகிறார்கள். அந்த ஊர்க்காரரிடம் மோட்டாரில் ஏமாந்தேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேருமுங்க, உங்களுக்கு எதுக்குண்ணா அந்தச் செலவு" என்றார். என் நன்மைக்காகப் பேசுகிறார் என்று நம்பி 1,20,000 முன்பணம் போட்டேன். இரண்டு பையன்கள் வந்து மூன்று மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். போகும்போது பழைய மோட்டாரை இரும்பு விலைக்கு 1,200 ரூபாய் கழித்துக்கொண்டு எடுத்துப் போனார்கள். மீதிப் பணத்தையும் அன்றே கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து பம்பு ஜல்லி அரைக்கிற மாதிரிச் சத்தம் போட்டது. மேலே கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சோடா பாட்டிலைக் குலுக்கின மாதிரி நுரைத்தது. போன் செய்தேன். "புது மோட்டாருங்க, செட்டாக நாலு நாள் ஆகும்." அப்புறம் ஒரு பையனை அனுப்பினார். அவன், குளத்தின் மேல்மட்டத் தண்ணீரை இழுக்கிற ஸ்கிம்மரில் காத்து வாங்குகிறது என்று சொல்லி அந்த வால்வை மூடிவிட்டுப் போய்விட்டான். நுரை நின்றது. நானும் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அவன் மூடிய அந்த வால்வு என்ன செய்தது என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது வாரம், தினமும் காலையில் குளத்துக்குத் தண்ணீர் திரும்பி வரும் வாய்க்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு படிய ஆரம்பித்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நெறநெறவென்று, விளிம்பு கூர்மையாக. வீட்டுக்குப் பூச்சு வேலை பார்த்தவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும், எம்-சாண்ட். ஃபில்டருக்குப் போடவேண்டியது சலித்த சிலிக்கா மணல், அரை மில்லியிலிருந்து ஒரு மில்லிக்குள் ஒரே சீராக இருக்கும். இவர்கள் கிரஷரில் உடைத்த மணலைக் கொட்டியிருக்கிறார்கள். தூசியும் கல்லும் கலந்தது, தூசி நேராகக் குளத்துக்கு வந்துவிட்டது. கொட்டேஷனைத் திருப்பிப் பார்த்தால் 50 கிலோ மூட்டை நாலுக்குப் பணம் வாங்கியிருக்கிறார். என் ஃபில்டர் கொள்வதே சுமார் இரண்டு மூட்டைதான்.

உப்புக் கருவியின் கதை தனி. அது வேலை செய்யக் குளத்துத் தண்ணீரில் லிட்டருக்கு மூன்றிலிருந்து நாலு கிராம் உப்பு இருக்க வேண்டும். எங்கள் குளத்துக்கு 150 கிலோ கொட்டினோம். கருவி நல்லதுதான், ஆனால் எங்கள் போர் தண்ணீர் 900 அடியிலிருந்து வருகிறது. குழாயைத் திறந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படியும் தண்ணீர். மூன்றே வாரத்தில் கருவியின் தகடுகள் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகி, குளோரின் வருவது நின்றுவிட்டது. தண்ணீரைச் சோதிக்காமல் இதை விற்றிருக்கவே கூடாது.

அதைவிட மோசம், எங்கள் வீட்டில் ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷ் தண்ணீர் ஆரம்பத்திலிருந்தே வாழைக்குப் பாயும். ஒரு தடவை கழுவினால் 500 லிட்டர் போகும். லிட்டருக்கு மூன்றரை கிராம் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒன்றே முக்கால் கிலோ உப்பு வாழையடியில். அந்த ஆள் பேக்வாஷ் எங்கே போகிறது என்று கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தார். "டேய், நேந்திரன் எலையெல்லாம் ஓரம் கருகிப் பொசுங்குது, தண்ணியில என்னத்தடா உட்டே?" வாழைக்கு உப்பு ஆகாது. வாய்க்காலை ஒட்டிய வரிசை முழுக்கப் போய்விட்டது.

இதுவரைக்கும் பணநஷ்டம்தான். தங்கை பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். ஒரு மதியம் குளத்தில் விழுந்த துண்டு ஒன்று ஆழமான பக்கத்தில் அடியில் கிடந்தது. எடுக்கலாம் என்று முங்கினேன். துண்டு தரையிலிருக்கும் டிரெயின் மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், வரவில்லை. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தும் வரவில்லை. மேலே வந்து மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நிறுத்தியதும் துண்டு தானாக மிதந்து வந்தது. கரையில் ஒன்பது வயது மருமகள் நின்றிருந்தாள், நனைந்த முடியைப் பின்னாமல் விரித்துப் போட்டுக்கொண்டு. "மாமா, நானே எடுத்திருப்பேன்ல" என்றாள். எனக்குக் கை நடுங்கியது.

அந்தப் பையன் மூடிவிட்டுப் போன வால்வின் வேலை இதுதான். மேலே இழுக்கும் வழியை அடைத்துவிட்டதால், இரண்டு எச்.பி. இழுவை முழுக்க அடியிலிருக்கும் ஒரே ஓட்டைக்கு வந்துவிட்டது. மூடியோ 2007இல் போட்ட தட்டையான மூடி. அமெரிக்காவில் 2002இல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி ஒரு சுடுநீர்த் தொட்டியில் இப்படித்தான் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். அவள் பெயரிலேயே அங்கே 2007இல் சட்டம் கொண்டுவந்தார்கள். நாம் அப்பா கட்டிய குளம்தானே என்று இருந்துவிடுகிறோம்.

அன்றோடு குளத்தை நிறுத்தினேன். கல்லூரி நீச்சல் குளம் ஒன்றைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் கிடைத்தார். வந்தவர் மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்துக் குழாயைச் சுற்றி ஒரு சுற்று சுற்றி, டேப்பில் வைத்தார். கிட்டத்தட்ட பதினஞ்சே முக்கால் சென்டிமீட்டர். "அம்பது எம்.எம்.ங்க. இதுல மணிக்கு எட்டாயிரம், எட்டாயிரத்தஞ்சூறு லிட்டருக்கு மேல இழுத்தா மோட்டாரு தண்ணிக்குத் தவிக்கும்" என்றார். பம்பின் அட்டைப்பெட்டியைக் காட்டினேன். மணிக்கு 25,000 லிட்டர் என்று போட்டிருந்தது. அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் சொன்ன கணக்கு எளிது. குளத்துத் தண்ணீர் முழுவதும் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் ஒரு தடவை ஃபில்டரைச் சுற்றி வந்தால் போதும். 43,000ஐ ஆறால் வகுத்தால் மணிக்கு ஏழாயிரத்துச் சொச்சம். 20 அங்குல ஃபில்டரும் எட்டாயிரம் வரைக்கும் நிம்மதியாக வடிகட்டும். அதற்கு மேல் வேகமாகத் தள்ளினால் தண்ணீர் மணலில் வாய்க்கால் பறித்துக்கொண்டு, வடிபடாமலேயே வெளியே வந்துவிடும். ஆக பெரிய மோட்டார் போட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்பது தலைகீழ்ப் பாடம். மோட்டாரைப் பெரிதாக்கினால் குழாயும் ஃபில்டரும் பெரிதாக வேண்டும். அதற்குத் தரையை உடைக்க வேண்டும்.

முக்கால் எச்.பி. போதும் என்றார், போட்டோம். தினமும் ஏழு மணி நேரம் ஓடி ஐந்தாறு யூனிட் எடுக்கிறது. பழைய ஆசாமியின் இரண்டு எச்.பி. தினமும் 15 யூனிட் தின்றது. இரண்டு மாத பில்லில் 900 யூனிட். பில்லைப் பார்த்து நான் போன் செய்தபோது அவர் சொன்ன யோசனையையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். "தோட்டத்து சர்வீஸ் ஃப்ரீ தானுங்க, அதுல இழுத்து உட்டுருங்க." 1970இல் பெருமாநல்லூரில் மின்கட்டணத்துக்காகப் போராடிய உழவர்கள் சுடப்பட்டுச் செத்த நாடு இது. அப்படிப் போராடி உழவுக்குக் கிடைத்த இலவசக் கரண்டில் நீச்சல் குளம் ஓட்டு என்கிறார். அது திருட்டு என்பது தனி.

மெக்கானிக் அண்ணன் ஸ்கிம்மர் வால்வைத் திறந்தார். அடி டிரெயினுக்குக் குவிந்த மூடி போட்டு, அதன் இழுவையைக் குறைத்தார். எம்-சாண்டை அள்ளிக் கொட்டிவிட்டு சிலிக்கா நிரப்பினார். மோட்டார் லைனில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சை மாட்டினார். இது இத்தனை நாளாக இல்லாமலே குழந்தைகள் குளித்திருக்கிறார்கள். கரையிலேயே கைக்கெட்டும் இடத்தில் ஒரு அவசர சுவிட்சும் வைத்தார். எல்லாம் முடித்துக் கை கழுவும்போது கேட்டார்: "ஏனுங்ண்ணா, பழைய மோட்டாரு எங்கெ? சீலும் பேரிங்கும் மாத்தியிருந்தா இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடியிருக்குமே. ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்."

1,200 ரூபாய்க்குக் கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதல் ஆளிடம் போய் நின்றபோது, "நீங்க கேட்டதைத்தானுங்க போட்டோம்" என்றார். 1915க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். அதன் பிறகு உப்புக் கருவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு 25,000 கொடுத்தார். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாதது பெரிய குறைதான். வாட்ஸ்அப் கொட்டேஷனும் ஜிபே ரசீதும்தான் என் கையில் இருக்கிற ஆதாரம். நல்லவேளையாக ரொக்கமாகக் கொடுக்கவில்லை. பேச்சு முழுக்க வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே இருக்கட்டும், அழிக்காதீர்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய குளம் இருந்தால், வருகிற ஆள் முதலில் எதைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். நீள அகலம், குழாய், ஃபில்டரின் விட்டம், அடியில் எத்தனை டிரெயின், பேக்வாஷ் எங்கே போகிறது, என்ன தண்ணீர். இதில் ஒன்றையும் கேட்காமல் எச்.பி.யைச் சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அந்த இரண்டு எச்.பி. மோட்டார் இப்போது தோட்டத்துச் சாளையில் சாக்குப் போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரில் குறை ஒன்றும் இல்லை, மாட்டின இடம்தான் தப்பு. யாருக்காவது பெரிய குளமும் அதற்கேற்ற பெரிய குழாயும் இருந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன். நான் நூலோடு வந்து அளந்து பார்த்த பிறகுதான்.