துணைவர்களை இயக்கலாம் என்று எழுத்தில் சொல்லி விற்றார்கள்: 2,799 ரூபாயைத் தர மறுக்கிறார்கள்

டிராகன் ஏஜ் என்ற கணினி விளையாட்டு வரிசையின் நான்காம் பாகமான தி வேல்கார்டை வாங்கலாம் என்று யோசிப்பவர்கள், அதிலும் முதல் பாகத்தைப் போலக் குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் நாமே இயக்கிப் போரிடலாம் என்று எதிர்பார்ப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கேம் கீ, அதாவது விளையாட்டைத் திறக்கும் குறியீடு, விற்கும் ஓர் இணையக் கடையிடம் இந்த வாரம் 2,799 ரூபாயை இழந்திருக்கிறேன். இப்படிச் சிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எதற்காக இவ்வளவு கோபம் என்று புரிய, 2009இல் வந்த முதல் பாகமான ஆரிஜின்ஸ் எப்படிப்பட்ட விளையாட்டு என்று சொல்ல வேண்டும். நம்மோடு சேர்த்து நான்கு பேர் களத்தில் நிற்பார்கள். சண்டையை நிறுத்தி வைத்து ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு மாறி, மந்திரவாதியைக் கொண்டு தரையில் எண்ணெய்ப் பசையைப் பரப்பி, எதிரிகள் அதில் வழுக்கி விழும் நேரத்தில் நெருப்பை மூட்டலாம். நாம் இயக்காத நேரத்தில் ஒரு துணைவர் என்ன செய்ய வேண்டும் என்பதைக்கூட, 'உயிர் பாதிக்குக் கீழே போனால் மருந்தைக் குடி' என்பது போன்ற விதிகளாக வரிசைப்படுத்தி வைக்கலாம். அந்த விதிகளை அமைப்பதிலேயே மாலைப்பொழுதுகள் கரைந்தன. எனக்கு அந்த விளையாட்டின் உயிரே அதுதான்.

அடுத்தடுத்த பாகங்களில் இது தேய்ந்துகொண்டே வந்தது. 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் துணைவர்களின் கவசத்தை மாற்றும் உரிமை போயிற்று. 2014இல் வந்த மூன்றாம் பாகமான இன்க்விசிஷனில் அந்த விதிப்பட்டியல் பெயரளவுக்குச் சுருங்கியது. ஆனாலும் துணைவரை நேரடியாக இயக்கும் வசதி மட்டும் தப்பியிருந்தது. 2024இல் வேல்கார்டின் முன்னோட்டங்கள் வந்தபோது அதுவும் இல்லை என்றும், நம்மோடு இரண்டு பேர்தான் வருவார்கள் என்றும் தெரிந்து ரசிகர்கள் கவலைப்பட்டார்கள். மோரோவிண்ட் என்ற விளையாட்டில் 27 ஆக இருந்த திறன்கள் அதே வரிசையில் பின்னால் வந்த ஸ்கைரிமில் 18 ஆகக் குறைந்ததையும், ஃபால்அவுட் 4 என்ற இன்னொரு விளையாட்டில் திறன் புள்ளிகளே காணாமல் போனதையும் பார்த்தவர்களின் கவலை அது. வெறும் முணுமுணுப்பு என்று அதை ஒதுக்க முடியாது. அதனால்தான் நானும் வாங்காமல் காத்திருந்தேன்.

அந்தக் கடையின் பக்கத்தில் 'நான்கு பேர் கொண்ட குழு, எந்தத் துணைவரையும் நேரடியாக இயக்கலாம், முந்தைய பாகங்களில் எடுத்த முடிவுகள் தொடரும்' என்று எழுதியிருந்தது. முன்னோட்டங்களில் வேறு மாதிரி சொன்னார்களே, பிறகு வந்த அப்டேட்டில் சேர்த்தார்களா என்று சாட்டில் கேட்டேன். 'ஆமாம் சார், இந்த எடிஷனில் எல்லாம் இருக்கிறது. சொன்னபடி இல்லையென்றால் ஏழு நாளுக்குள் முழுப் பணமும் திரும்ப வரும்' என்று உடனே பதில் வந்தது. இதை உறுதியாகச் சொல்கிறீர்களா என்று மறுபடியும் கேட்டேன். 'நூறு சதவீதம் சார்' என்றார்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் யுபிஐயில் 2,799 ரூபாய் அனுப்பினேன்.

விளையாட்டைத் திறந்ததும் உண்மை தெரிந்துவிட்டது. களத்தில் இரண்டே துணைவர்கள்; அவர்களுக்குக் கட்டளையிடலாம், அவர்களாக மாற முடியாது; ஆளுக்கு மூன்று திறன்கள்தான். பழைய முடிவுகள் என்று கேட்கப்பட்டவையும் மூன்றே மூன்று, மூன்றுமே இன்க்விசிஷனைப் பற்றியவை. முதல் பாகத்தின் கதை நடக்கும் நாடான ஃபெரெல்டனின் அரியணையில் யாரை அமர்த்தினேன் என்று ஒரு கேள்விகூட இல்லை. இதை உருவாக்கியவர்கள் எதையும் மறைக்கவில்லை, வெளியீட்டுக்கு முன்பே வெளிப்படையாகச் சொன்னார்கள். இந்த வேகமான சண்டை பிடித்தவர்கள் தாராளமாக விளையாடட்டும். இல்லாததை இருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்கிய கடையின் மீதுதான் என் புகார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அவர்களின் பேச்சு மாறியது. 'கீயைத் திறந்துவிட்டீர்கள், இனி எதுவும் செய்ய முடியாது' என்றார்கள். திறக்காமல் ஒரு விளையாட்டு சொன்னபடி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அவர்களுடைய வாக்குறுதியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். 'கேம் ஓடுகிறதல்லவா, அப்படியானால் குறை இல்லை' என்றார் வேறொருவர். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், பொறுமைக்கு நன்றி என்று ஒரு மின்னஞ்சல் வந்தது; அதற்குப் பின்னாலேயே, ஒரு பதிலும் சொல்லாமல், என் புகார் டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டது. மறுபடி திறந்தபோது 2,799 ரூபாய்க்கு ஈடாக 150 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள், அதையும் அவர்கள் கடையிலேயே செலவழிக்க வேண்டுமாம். இதற்கிடையில் பக்கத்தில் இருந்த 'நேரடியாக இயக்கலாம்' என்ற வரியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள். தவறு தெரியாதவர்கள் அதை ஏன் நீக்க வேண்டும்?

விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. அதைச் சுட்டிக்காட்டி எழுதிய மின்னஞ்சலுக்கு இதுவரை பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் கொடுத்துவிட்டேன்.

சொல்வதாகச் சொன்னவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விற்பவரின் விவரிப்பை நம்பாமல், விளையாடும் காணொளி ஒன்றைப் பார்த்துத் துணைவரை மாற்றும் வசதி இருக்கிறதா என்று நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையிலேயே நேரடியாக வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்கும்வரை பணம் திரும்பக் கிடைக்கும்; வெளியே வாங்கிய கீக்கு அது கிடையாது. கடையின் பக்கத்தையும் சாட்டையும் பணம் அனுப்பும் முன்பே படமெடுத்து வையுங்கள். கூப்பன் கொடுத்தால் வாங்காதீர்கள்.